உட்கரு உயிரிகள்

உயிரணுவுக்குள் இரட்டைச் சவ்வினால் சூழப்பட்ட உட்கருவை உடைய ஜீவராசிகள் அனைத்தும் உட்கரு உயிரிகள் என்றும், விஞ்ஞான வழக்கில் யூகேரியோட்டுகள் என்றும் பெயர் பெறும். ஆலும் அறுகும், யானையும் எறும்பும், மழைக்காலத்தில் முளைக்கும் காளானும், ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட்டும், குளத்து நீரில் ஊர்ந்து இரைதேடும் அமீபாவும், மலேரியாவை விளைவிக்கும் பிளாஸ்மோடியமும், மனிதனும் இந்த ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். பாக்டீரியாக்களும், தோற்றத்தில் அவற்றை ஒத்திருந்தும் வேறு வம்சமான ஆர்க்கியாக்களும் மட்டுமே இதற்குப் புறம்பானவை. உயிர்களைத் தாவரம் என்றும் விலங்கு என்றும் இரு கூறாகப் பிரித்துப் பழகிய மனிதனுக்கு, அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமையைக் காட்டிலும், அவை இரண்டுக்கும் பாக்டீரியாவுக்கும் இடையிலுள்ள வேற்றுமை மிகப் பெரிது என்பது எளிதில் புலப்படவில்லை. முதலில் கண்ணுக்குத் தெரிந்த ஓர் அடையாளமாகவும், பின்னர் உயிரணுவின் முழு அமைப்பாகவும், இறுதியில் ஒரே மூதாதையிடமிருந்து வழிவந்த வம்சமாகவும் இவ்வர்க்கத்தின் லட்சணம் படிப்படியாக விரிந்து வந்திருக்கிறது.

உட்கரு கண்டறியப்பட்ட வரலாறு

ஹாலந்து தேசத்து லேவன்ஹூக், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளின் வழியே சால்மன் மீனின் இரத்த அணுக்களை நோக்கியபோது, அவற்றின் நடுவே ஒளி பொருந்திய ஒரு சிறு பகுதியைக் கண்டார். லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் செடிகளைச் சித்திரமாகத் தீட்டிவந்த பிரான்ஸ் பௌவரும் ஆர்க்கிட் செடியின் உயிரணுக்களை வரைந்தபோது அதையே வரைந்து வைத்தார். எனினும், அது எங்கோ ஓரிடத்தில் தற்செயலாகத் தென்படும் புள்ளியன்று, உயிரணுவுக்கு இயல்பாகவே உரிய உறுப்பு என்று உணர்ந்து சொன்ன பெருமை ஸ்காத்லாந்தைச் சேர்ந்த தாவர அறிஞர் ராபர்ட் பிரௌன் அவர்களுடையது. 1831ஆம் ஆண்டில் லண்டன் லின்னேயன் சங்கத்தில் படித்த கட்டுரையில், ஆர்க்கிட் இலையின் மேல்தோலில் உயிரணு ஒவ்வொன்றிலும் ஒளி ஊடுருவாத வட்டமான ஒரு பொருள் இருப்பதையும், அது மேல்தோலோடு நில்லாமல் பிற திசுக்களிலும் பிற செடிகளிலும் காணப்படுவதையும் எடுத்துரைத்து, நியூக்ளியஸ் என்ற பெயரையும் அதற்குச் சூட்டினார்.

இக்கண்டுபிடிப்பின் முழுப் பயன் ஜெர்மானியரான ஷ்லைடன், ஷ்வான் இருவரின் கையில் வெளிப்பட்டது. தாவர உயிரணுக்களில் தாம் கண்ட உட்கருவைப் பற்றி ஷ்லைடன் கூறக் கேட்ட ஷ்வான், தவளைக் குஞ்சின் முதுகுநாணில் தாம் முன்பே பார்த்திருந்த உருண்டைகளும் அவையே என்று உணர்ந்தார். செடியின் உயிரணுவுக்குத் தடித்த சுவர் உண்டு. விலங்கின் உயிரணுவுக்கு அது இல்லை. புறத்தோற்றத்தில் ஒவ்வாத இவ்விரண்டையும் ஒரே இனம் என்று நிரூபிக்க உட்கரு ஒன்றே அப்போது சாட்சியாக நின்றது. ஆகவே 1838, 1839ஆம் ஆண்டுகளில் வெளிவந்த உயிரணுக் கொள்கை, தாவரத்தையும் விலங்கையும் உட்கருவின் துணைகொண்டே ஒன்று சேர்த்தது எனலாம்.

உயிரணுக்கள் படிகம் திரள்வது போல உட்கருவைச் சுற்றித் திரண்டு உண்டாகின்றன என்ற அவ்விருவரின் அபிப்பிராயம் நிலைக்கவில்லை. ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே உற்பத்தியாகும் என்பதை ரேமாக்கும், 1855இல் விர்சோவும் நிலைநாட்டினர். 1869இல் மீஷர் என்னும் சுவிஸ் இளைஞர், ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்துக் கோட்டையில், முன்னாளில் சமையலறையாக இருந்த ஆய்வுக்கூடத்தில், காயங்களுக்குக் கட்டிய துணிகளிலிருந்து கழுவி எடுத்த சீழின் வெள்ளணுக்களை ஆராய்ந்து, உட்கருவுக்கே உரியதும் பாஸ்பரம் செறிந்ததுமான ஒரு வஸ்துவைப் பிரித்தெடுத்தார். இன்று டிஎன்ஏ என்று உலகறிந்த பொருள் அதில் அடங்கியிருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் வால்தர் பிளெமிங், சாலமாண்டர் குஞ்சுகளின் உயிரணுக்களுக்குச் சாயமேற்றி, உயிரணு இரண்டாகப் பிரியும் முன்னர் உட்கருவினுள் இழைகள் தோன்றி, அவை நீளவாக்கில் பிளந்து, இரு புறமும் சமமாகப் பங்கிடப்படுவதை 1882இல் வெளியிட்ட நூலில் விரிவாக வர்ணித்தார்.

உட்கருவே உயிரணுவின் உருவத்தை ஆள்கிறது என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டியவர் ஹேமர்லிங். அசெட்டாபுலேரியா என்ற கடற்பாசி, அடியில் வேர் போன்ற பகுதியும், நடுவில் சில சென்டிமீட்டர் உயரமுள்ள காம்பும், உச்சியில் குடை போன்ற தலையும் உடையதாயினும், முழுவதும் ஒரே உயிரணுவால் ஆனது; அதன் ஒரே உட்கரு அடிப்பகுதியில் தங்கியிருக்கிறது. ஹேமர்லிங் ஓர் இனத்தின் காம்பை வெட்டி, தலையின் வடிவில் வேறுபட்ட மற்றோர் இனத்தின் அடிப்பகுதியில் ஒட்டினார். முதலில் முளைத்த தலை சிலபோது இரண்டுக்கும் இடைப்பட்டதாய் இருந்தது. அதையும் வெட்டிவிட, அடுத்து முளைத்தது, காம்பு எந்த இனமாயினும், உட்கரு எந்த இனத்ததோ அதன் வடிவத்தையே பெற்றது. காம்பில் எஞ்சியிருந்த பழைய கட்டளைகள் தீர்ந்தபின் உட்கருவின் கட்டளை மட்டுமே செல்லுபடியாயிற்று என்பது இதன் பொருள்.

இருபெரும் பிரிவுகள்

உட்கரு எல்லா உயிர்களுக்கும் பொது என்ற எண்ணம் வலுப்பெற்ற அதே காலத்தில், அதற்கு விலக்கானவையும் கண்ணில் படலாயின. உட்கருவற்ற எளிய உயிர்களுக்கென்று 1866இல் ஹெக்கல் மொனேரா என்ற பிரிவை வகுத்தார். பாக்டீரியாவும் நீலப்பச்சைப் பாசியும் உறவுடையவை என்பதை பெர்டினாந்து கோன் எடுத்துக் காட்டினார். பிரெஞ்சு விலங்கியலாளர் எதுவார் ஷட்டோன், நீர்த்தெள்ளின் குடலில் வாழும் ஒரு நுண்ணுயிரைப் பற்றி 1925இல் எழுதிய ஆராய்ச்சியில், புரோகேரியோட்டு, யூகேரியோட்டு என்னும் இரு பெயர்களையும் முதன்முதலில் வழங்கினார். ஆனால் அவர் அவற்றுக்கு விரிவான விளக்கம் தராமையால், அப்பெயர்கள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன.

அவற்றுக்கு உயிர் கொடுத்தது எலக்ட்ரான் நுண்ணோக்கி. 1931இல் பெர்லினில் ரஸ்காவும் நோலும் அமைத்த இக்கருவியைக் கொண்டு கிளாட், போர்ட்டர், பலாடே முதலியோர் உயிரணுவின் அந்தரங்கத்தைத் திறந்து காட்டியபின், 1962இல் ஸ்டேனியரும் வான் நீலும், பாக்டீரியா என்பது எது என்ற கேள்விக்கு விடை சொல்லப் புகுந்து, ஜீவராசிகளின் அடிப்படைப் பிரிவினை இதுவே என்று தீர்மானமாக எழுதினர். பாக்டீரியா ஒரே கூடமாய் அமைந்த வீடு என்றால், உட்கரு உயிரியின் உயிரணு தொழிலுக்கு ஓர் அறையாகப் பகுக்கப்பட்ட மாளிகை. துளைகள் நிறைந்த இரட்டைச் சவ்வுக்குள் உட்கருவும், சுவாசத்தால் சக்தியை விளைவிக்கும் மைட்டோகாண்டிரியாவும், புரதங்களைப் பதப்படுத்தி உரிய இடத்துக்கு அனுப்பும் உட்சவ்வு வலையும் கால்ஜி உறுப்பும், செடிகளிலும் பாசிகளிலும் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் பசுங்கணிகமும் தனித்தனியே இயங்குகின்றன. புரத இழைகளாலான எலும்புக்கூடு ஒன்று உயிரணுவைத் தாங்கி நின்று, அது அசையவும் இரையை விழுங்கவும் துணைபுரிகிறது.

உட்கருவின் சவ்வு வெறும் தடுப்பன்று. பாக்டீரியாவில் டிஎன்ஏவின் செய்தி நகலெடுக்கப்படும்போதே ரைபோசோம்கள் அதில் ஒட்டிக்கொண்டு புரதத்தை ஆக்கத் தொடங்கிவிடுகின்றன. உட்கரு உயிரியிலோ, நகல் உட்கருவுக்குள்ளேயே திருத்தப்பட்டு, வேண்டாத துண்டுகள் வெட்டி நீக்கப்பட்டு, அதன் பின்னரே துளை வழியாக வெளியேறிப் புரதம் ஆக்க வழிகாட்டுகிறது. மனித உயிரணு ஒன்றிலுள்ள டிஎன்ஏவை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அவ்வளவும் ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் மீது சுற்றப்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கே குறுக்களவுள்ள உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. பெற்றோர் இருவரின் பரம்பரைக் கூறுகளும் கலந்து புதிய சந்ததி தோன்றும் முறையும் இவ்வர்க்கத்துக்கே உரிய விசேஷமாகும்.

வம்சத்தின் தோற்றம்

இத்தகைய சிக்கலான அமைப்பு எங்கிருந்து வந்தது? பசுங்கணிகங்கள் முற்காலத்தில் தனித்து வாழ்ந்த நீலப்பச்சை நுண்ணுயிர்களே என்று ரஷிய அறிஞர் மெரெஷ்கோவ்ஸ்கி 1905இல் கூறியதை அறிஞர் உலகம் ஏற்கத் தயங்கியது. 1960களின் தொடக்கத்தில் பசுங்கணிகத்திலும் மைட்டோகாண்டிரியாவிலும் அவற்றுக்கே உரிய டிஎன்ஏ கண்டறியப்பட்டது. அதைப் போன்ற சான்றுகளை ஒன்றுதிரட்டி, அமெரிக்கப் பெண்மணியான லின் மார்குலிஸ் பல பத்திரிகைகள் நிராகரித்த தம் கட்டுரையை 1967இல் வெளியிட்டார். ஒன்றினுள் ஒன்று குடிபுகுந்த நுண்ணுயிர்களின் கூட்டுவாழ்வே உட்கரு உயிரியின் மூலம் என்ற அவருடைய கொள்கை, மைட்டோகாண்டிரியாவையும் பசுங்கணிகத்தையும் பொறுத்தவரையில் இன்று ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றுள்ளது.

மைட்டோகாண்டிரியாவாக மாறிய பாக்டீரியாவை ஏற்றுக்கொண்டது யார் என்ற கேள்வி எஞ்சியது. 1977இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் பாக்ஸும் ரைபோசோம்களின் ஆர்என்ஏவை ஒப்பிட்டு, ஆர்க்கியா என்ற தனி வம்சத்தை வெளிப்படுத்தினர். 2015இல், நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், லோகி கோட்டை என்னும் வெந்நீர் ஊற்றுக்கு அருகே எடுத்த சேற்றில், உட்கரு உயிரிகளுக்கே உரியவை என்று கருதப்பட்ட ஜீன்கள் பலவற்றைத் தாங்கிய ஆர்க்கியாவின் டிஎன்ஏ காணப்பட்டது. அதன் இனத்தைச் சேர்ந்த உயிரொன்றை, ஜப்பானை ஒட்டிய கடலில் 2,533 மீட்டர் ஆழத்துச் சேற்றிலிருந்து எடுத்து, 12 ஆண்டுகள் விடாமுயற்சியுடன் வளர்த்த ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2020இல் அதன் உருவத்தை உலகுக்குக் காட்டினர். உள்ளறைகள் ஏதுமற்ற, கிளைத்த நீண்ட கரங்களையுடைய நுண்ணிய உருண்டை அது. அத்தகைய கரங்களே அன்று பாக்டீரியாவை அணைத்து உள்ளே சேர்த்திருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். இவ்வம்சம் எவ்வளவு பழமையானது என்பதற்கு நம் நாட்டிலும் சான்று உண்டு. சித்திரகூடத்தின் விந்தியப் பாறைகளில் கிடைத்த, செம்பாசி என்று கருதப்படும் இழைகள் ஏறக்குறைய 160 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

விலக்குகளும் இன்றைய இலக்கணமும்

மனிதனின் சிவப்பணு இரத்தத்தில் சேருமுன் தன் உட்கருவை வெளியேற்றிவிடுகிறது. உணவைக் கடத்தும் சல்லடைக் குழாயில் செடியும் உட்கருவை இழக்கிறது. மைட்டோகாண்டிரியாவே அறவே இல்லாத மானோசெர்க்கோமோனாய்டஸ் என்னும் குடல்வாழ் நுண்ணுயிர் 2016இல் அறியப்பட்டது. அடையாளத்தை மட்டுமே இலக்கணமாகக் கொண்டால் இவற்றையெல்லாம் வர்க்கத்திலிருந்து தள்ளவேண்டிவரும். இவை அவ்வுறுப்புகளைப் பெறாதவை அல்ல, பெற்றிருந்து துறந்தவை என்று வம்ச வரலாறு காட்டுவதால், தள்ள வேண்டிய அவசியம் எழவில்லை. எனவே உட்கரு உயிரி என்பது, ஆர்க்கியா ஒன்றும் பாக்டீரியா ஒன்றும் கூடியதால் விளைந்த ஒரே மூதாதையின் சந்ததி என்பதே இன்றைய நிர்ணயம். பிரௌன் கண்ட அந்த வட்டப் பொருள் இச்சந்ததியின் பிரதான அடையாளமாக இன்றும் நிற்கிறது. ஆயினும் ஒருயிரை இவ்வர்க்கத்தில் சேர்ப்பதும் விலக்குவதும் அடையாளத்தைக் கொண்டன்று, பிறப்பைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன.