கோயிலுக்கு அப்பால் ஒரு தலைநகரம்

கங்கைகொண்ட சோழபுரம் என்றதும் நம் நினைவில் எழுவது கோயில்தான். விமானத்தின் நளினத்தையும் சண்டேச அனுக்கிரக மூர்த்தியின் எழிலையும் வியந்து திரும்பிவிடுகிறோம். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் சோழர் தலைநகராக விளங்கிய அந்த ஊர் எங்கே போயிற்று?

கங்கைப் படையெடுப்பின் வெற்றிக்குப் பின், 1025ஆம் ஆண்டையொட்டி, முதலாம் இராஜேந்திரர் தஞ்சையை விட்டு இங்கு வந்தார். கொள்ளிடத்திற்கு வடக்கே உள்ள இந்த மேட்டுநிலத்தில் ஒரு பெருநகர் வாழ நீர் வேண்டும். சோழகங்கம் என்னும் ஏரி அதற்காகவே எழுந்தது. திருவாலங்காட்டுச் செப்பேடு அதனை நீரால் ஆன வெற்றித்தூணாகவே காண்கிறது. இன்று அதன் பெயர் பொன்னேரி.

அரண்மனையைத் தேடுவோர் உட்கோட்டையை அடுத்த மாளிகைமேட்டுக்குச் செல்லவேண்டும். ஊர்ப்பெயரே சான்று கூறுகிறதல்லவா! வீரராஜேந்திரர் காலக் கல்வெட்டு சோழகேரளன் திருமாளிகை எனக் குறிப்பது இங்கிருந்த அரண்மனையைத்தான். 1980 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கு அகழாய்வு செய்தது. 2021இல் மீண்டும் பணி தொடங்கியது. செங்கற்சுவர்கள், கூரையோடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பானையோடுகள் வெளிப்பட்டன. மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்களும் கிடைத்தன. இறைவனுக்குக் கல்லில் கோயில் எடுத்தவர்கள், தாம் வாழச் செங்கல்லும் மரமுமே போதும் என்றிருந்தனர். கோயில் நின்றதற்கும் அரண்மனை மறைந்ததற்கும் இவ்வேறுபாடு ஒரு முதன்மைக் காரணம்.

நகரின் அழிவுக்குப் பாண்டியரைக் காரணம் காட்டுவது வழக்கம். சோழப் பேரரசு 1279ஐ ஒட்டி முடிவுற்றது உண்மையே. ஆனால், ஆவணச் சான்றுள்ள அழிவொன்று நமக்கு மிக அண்மைக் காலத்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கோயில் திருச்சுற்று மதிலின் கற்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர். தடுக்க முயன்ற ஊர்மக்கள் தண்டனை பெற்றனர். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றில் போயிற்று. நீரைத் தேக்கி வாழ்ந்த நகரின் கற்களே மற்றொரு நீர்த்தேக்கத்திற்கு இரையாயின!

2004இல் கோயில் உலக மரபுச் சின்னமாயிற்று. நகரின் பெரும்பகுதியோ இன்னும் வயல்களுக்கும் வீடுகளுக்கும் அடியில் உறங்குகிறது. ஏர்முனையும் கடைக்கால் தோண்டும் மண்வெட்டியும் அகழாய்வாளரை முந்திக்கொண்டால், மீட்க ஏதும் எஞ்சாது. அடுத்தமுறை கோயிலுக்குச் செல்லும்போது, மாளிகைமேடு வரை நடந்து வருவோம். மதிக்க ஆளிருக்கும் மண்ணைத்தான் காக்கவும் ஆள் வருவர்.