நிரம்பினால்தான் புறப்படும்

நேற்று பின்னேரம் பார்பேடோஸ் தீவைப் பற்றிய ஒரு வீடியோ பார்த்தேன். கரீபியன் பக்கம் இருக்கும் சின்னத் தீவு, மொத்த நீளமே 34 கிலோமீற்றர்தான். அங்கே வெள்ளை நிற வேன்கள் ஓடுகின்றன. இலக்கத் தகடு 'இசட் ஆர்' என்று தொடங்குவதால் வேனுக்கும் அதுவே பெயர். கையைக் காட்டினால் நிற்கும். பாட்டுச் சத்தத்தில் காது அடைக்கும். எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும். எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் மூன்றரை பார்பேடோஸ் டொலர். பக்கத்தில் இருந்து பார்த்த மகன் கேட்டான்: "உம்மா, இது எங்கட கம்பொல பஸ்தானே?"

பிள்ளை சொன்னதில் பிழையில்லை. பேராதனைச் சந்தியில் நிற்கும் எவருக்கும் அந்த வேன் புதிதாகத் தெரியாது. ஆனால் வரலாறு படிப்பிக்கிறவளுக்கு வேறொரு கேள்வி வந்தது. இப்படியான வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும்?

கண்டி இராச்சியத்தில் வண்டிப் பாதைகள் இல்லை. பொதி மாடுகள்தான் சுமந்தன. அந்தத் தவளப் போக்குவரத்தில் பெரும் பங்கு நம் முன்னோர்களுடையது. அரசர் காலத்தில் 'மடிகே பத்த' என்று மாட்டுப் போக்குவரத்துக்கே ஒரு திணைக்களம் இருந்தது, முஸ்லிம்கள் அதில் சேவை செய்தார்கள். கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே வரும், பாக்கும் மிளகும் கீழே போகும். (மாட்டுக்காரன் என்று யாராவது நையாண்டி பண்ணினால் கோபப்படாதீர்கள். அரசரின் களஞ்சியத்துக்கு உப்பு கொண்டு வந்தவர்கள் நாங்கள்.)

பிறகு ஆங்கிலேயரின் கொழும்பு - கண்டி வீதி. 1832 இல் அதில் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. அடுத்த வருடம் பேராதனையில் மகாவலியின் மேல் முதிரை மரத்தால் 205 அடிக்கு ஒரே வளைவாகப் பாலம் கட்டினார்கள். 1867 இல் ரயில் வந்தது. தபால் வண்டிக்கும் ரயிலுக்கும் நேர அட்டவணை இருந்தது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அவை புறப்படும்.

மோட்டார் பஸ் வந்தபோது கதை மாறியது. 1920, 30களில் ஒரு பஸ், ஒரு முதலாளி என்றுதான் தொழில் நடந்தது. ஒரே பாதையில் பலர் ஓட்டினார்கள். ஆள் சேரும் வரை நிற்பார்கள், பின்னால் மற்றவன் வந்தால் பறப்பார்கள். இதை அடக்கத்தான் 1942 இல் பஸ் அனுமதிப்பத்திரச் சட்டம் வந்து, பாதைகள் கம்பனிகளின் கைக்குப் போயின. முறைப்பாடுகள் தீரவில்லை. 1948 இல் இரத்தினம், 1954 இல் சன்சோனி, 1956 இல் ஜயரத்ன பெரேரா என்று மூன்று ஆய்வுகள் நடந்தன. கடைசியில் 1958 ஜனவரி 1 ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது.

வகுப்பில் இதை 'பஸ் தேசியமயமாக்கல்' என்று ஒரு வரியில் கடந்துவிடுவோம். பண்டாரநாயக்க, இடதுசாரிகள், முதலாளிகள் என்று அரசியலாகப் பேசி முடிப்போம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, காலி பஸ்ஸும் புறப்பட்டது என்பதுதான். வாப்பா சொல்வார், கடைசி இ.போ.ச. பஸ் இரவில் மலைக் கிராமத்திலேயே தங்குமாம். சாரதியும் கொண்டக்டரும் அங்கேயே படுத்து, விடியற்காலை முதல் பஸ்ஸாகத் திரும்புவார்களாம். அந்த ஓட்டத்தில் என்ன இலாபம் வந்திருக்கும்? இலாபம் வரும் பாதையில் உழைத்ததைக் கொண்டு வராத பாதையிலும் ஓட்டினார்கள்.

அதற்காக அந்தக் காலத்தை நான் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். எழுபதுகளில் பஸ்ஸும் உதிரிப்பாகமும் போதாமல், மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போன கதைகளையும் வாப்பாவே சொல்லியிருக்கிறார். 1978 இல் சபையை ஒன்பது பிராந்தியச் சபைகளாகப் பிரித்தார்கள். 1979 இல் தனியாருக்கு மீண்டும் கதவு திறந்தது. ஜப்பான் வேன்களும் சின்ன பஸ்களும் வந்து இறங்கின. "நுவர, நுவர, நுவர!" என்று கூவி ஏற்றியபோது மக்களுக்கு நிம்மதிதான். கைகாட்டிய இடத்தில் நின்ற வண்டியை யார் வெறுப்பார்கள்? ஆனால் முப்பதுகளின் பழைய சட்டமும் கூடவே ஏறிக்கொண்டது: நிரம்பினால்தான் புறப்படும்.

அதன் விலையை நான் படித்தது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இருந்த காலத்தில். ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு கெலிஓயாப் பக்கம் போக ஒரு வேனில் ஏறினேன். முக்கால் மணித்தியாலம் சந்தியிலேயே நின்றது. புறப்பட்டு, வழியில் ஒவ்வொருவராக இறங்க, கடைசியில் நான் ஒருத்தி. ஓர் ஆளுக்காக டீசல் எரிக்க ஏலாது என்று பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். சாரதியின் கணக்கு அவருக்குச் சரி. இருட்டில் பையோடு நின்ற எனக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.

2022 இல் எல்லோருமே அந்தக் கணக்குக்குள் வந்தோம். கியூஆர் முறை தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர். நாங்கள் நான்கு ஆசிரியைகள் ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்துப் போய், காசைப் பங்குபோட்டோம். நாலாவது ஆள் சுகமில்லாமல் நின்றுவிட்டால் மற்ற மூவரும் பஸ்ஸுக்கு நடந்தோம்.

இதற்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவிடம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு 'சிசு செரிய', கிராமங்களுக்கு 'கெமி செரிய', இரவுக்கு 'நிசி செரிய' என்று திட்டங்கள் இருக்கின்றன. நட்டம் வரும் ஓட்டத்துக்கு அரசு ஒரு தொகையைக் கொடுத்து, வண்டியை நேரத்துக்குப் புறப்பட வைப்பதுதான் அவற்றின் யோசனை. தனியார் பஸ் இருக்கட்டும், போட்டி இருக்கட்டும். கடைசி ஓட்டத்துக்கு மட்டும் யாராவது காசு கொடுத்தால் போதும்.

என்னுடைய பதினோராம் ஆண்டு வகுப்பில், மேலே தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை இருக்கிறாள். பின்னேர வகுப்பு 5 மணிக்கு முடியும். அவள் 4 மணிக்கே புத்தகத்தை மூடிவிடுவாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வேன் நிரம்பாது.