‘மாணவ வீரர்’ என்ற சொல்லின் கதை

முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எங்கட ஊரில் கல்லூரி எண்டால் பள்ளிக்கூடம், உதைபந்தாட்டம் எண்டால் காலால் அடிக்கிறது. அமெரிக்காவில் ‘கொலேஜ் ஃபுட்போல்’ என்பது பல்கலைக்கழக மாணவர்கள் தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்தபடி முட்டி மோதுகிற ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்து பார்க்கலாம். ஓகஸ்ட் கடைசியில் புதிய பருவம் தொடங்குகிறது. 2025 பருவத்தோடு ஒரு வித்தியாசம் வந்தது: 2025 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்கள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே காசு கொடுக்கலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு காலம் எடுத்தது?

முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் அணிகளுக்கிடையே நடந்தது. பக்கத்துக்கு 25 பேர். 1905 அளவில் ஆட்டம் கொலைகாரத்தனமாகி, மாணவர்கள் செத்தார்கள். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் பெரிய பல்கலைக்கழகங்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வருசம் விதிகள் மாறின, என்சிஏஏ என்று இன்று அழைக்கப்படும் சங்கமும் பிறந்தது. வீரர்களைக் காப்பாற்றப் பிறந்த சங்கம் அது. இதை மறக்க வேண்டாம்.

1955இல் கொலராடோவில், ஃபோர்ட் லூயிஸ் என்ற சின்னக் கல்லூரிக்காக விளையாடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் இறந்தவருக்குரிய நட்டஈட்டை அவர் மனைவி கேட்டார். கேள்வி நேரடியானது: அவர் கல்லூரியின் ஊழியரா, இல்லையா? 1957இல் மாநில உயர் நீதிமன்றம் இல்லை என்றது. கல்லூரி உதைபந்தாட்ட வியாபாரம் செய்யவில்லையாம்.

அந்தப் பத்தாண்டில்தான் என்சிஏஏ ‘மாணவ வீரர்’ என்ற சொல்லைப் பரப்பியது. அதன் நிறைவேற்றுப் பணிப்பாளராக இருந்த வோல்டர் பையர்ஸ், ஓய்வுபெற்றபின் எழுதிய நூலில், வீரர்களை ஊழியர்களாகக் கருதிவிடுவார்கள் என்ற பயத்தில் உருவாக்கிய சொல் அது என்று தானே ஒத்துக்கொண்டார். கேட்க எவ்வளவு மரியாதையாக இருக்கிறது, பாருங்கோ!

வியாபாரம் இல்லை என்ற கதை 1984இல் கிழிந்தது. எந்த அணி எத்தனை தடவை தொலைக்காட்சியில் வரலாம் என்ற என்சிஏஏயின் கட்டுப்பாட்டை அமெரிக்க உயர் நீதிமன்றம் உடைத்தது. ஒளிபரப்புப் பணம் கொட்டியது. பல மாநிலங்களில் அதிக சம்பளம் வாங்கும் அரச ஊழியர் ஆளுநர் இல்லை, பயிற்றுநர்தான். ஆட்டக்காரருக்கு மட்டும் புலமைப்பரிசில். 2021இல் அதே நீதிமன்றம் என்சிஏஏக்கு எதிராக 9-0 என்று தீர்ப்பளித்த பிறகே, வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்க வழி பிறந்தது.

காசு இன்னொன்றையும் தின்றது: புவியியலை. 1915இல் வேர்கொண்ட பசுபிக் கரைக் கூட்டமைப்பிலிருந்து 2024இல் பன்னிரண்டில் பத்து அணிகள் கழன்றன. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் இப்போது அத்திலாந்திக் கரைக் கூட்டமைப்பில். பெயரைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வது? லொஸ் ஏஞ்சலிஸின் யூசிஎல்ஏ, நாட்டின் மற்றக் கரையிலுள்ள ரட்கர்ஸுடன் ஒரே கூட்டமைப்பில் ஆடுகிறது. உதைபந்தாட்டக்காரருக்கு வருசத்தில் சில பயணம்தான். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும் கரப்பந்தாட்டப் பிள்ளைகள் எப்ப படிக்கிறது?

2025 ஜூனில் நீதிபதி குளோடியா வில்கன் அங்கீகரித்த இணக்கப்படி பழைய வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டொலர் போகும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் வருசத்தில் ஏறக்குறைய 2 கோடி டொலர் வரை பகிர இடம் கிடைத்தது. ஆனால் டெனிசனின் மனைவி கேட்ட கேள்விக்கு அந்த இணக்கத்தில் பதிலில்லை. டார்ட்மத் கூடைப்பந்தாட்ட அணி 2024 மார்ச்சில் 13-2 என்று வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தது. அந்த வருசக் கடைசி நாளில், அரசு மாறப்போவதைப் பார்த்து, மனுவை மீளப்பெற்றுக்கொண்டார்கள்.