எதிர்க்கட்சி வரிசையில் காயிதே மில்லத்

கம்பளித் தொப்பி, நீண்ட ஷெர்வானி, வெண்தாடி. காயிதே மில்லத் மர்ஹூம் எம். முகம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களை நம் சமுதாயம் இந்தத் தோற்றத்தில்தான் நினைவில் வைத்திருக்கிறது. கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து மூன்று முறை டில்லி மக்களவைக்குச் சென்றவர் என்பதும் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பு, 1946 முதல் 1952 வரை, சென்னைச் சட்டமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் அவர் என்று சொன்னால் நம் இளைஞர்கள் வியப்படைகிறார்கள். அவருடைய பொதுவாழ்வில் மிகக் கடினமான காலம் அந்த ஆறு ஆண்டுகள்தாம் என்பது என் எண்ணம்.

1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். பிறகு சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1945இல் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைமை அவரிடம் வந்தது. மறு ஆண்டே தேர்தல்.

அன்றைய சென்னை மாகாணத்தில் தமிழ் மாவட்டங்களோடு மலபாரும் தென்கன்னடமும் ஆந்திர மாவட்டங்களும் அடங்கியிருந்தன. முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகள். அவற்றில் முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். அதிலும் சொத்து, வரி, படிப்பு போன்ற தகுதி உடையவர்களுக்கே வாக்குரிமை. 215 இடங்கள் கொண்ட அவையில் காங்கிரஸ் 163 இடங்களையும் முஸ்லிம் லீக் 28 இடங்களையும் பெற்றன. இரண்டாவது பெரிய கட்சியின் தலைவர் என்ற முறையில் இஸ்மாயில் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார்.

28 பேரால் 163 பேரை அசைக்க முடியாது. அந்த ஆறு ஆண்டுகளில் பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என்று மூவர் ஆட்சித் தலைமையில் மாறி மாறி அமர்ந்தார்கள். அந்த மாற்றங்களுக்குக் காரணம் காங்கிரஸின் உட்பூசல். எதிர்க்கட்சி செய்ய முடியாததை ஆளுங்கட்சியே செய்துகொண்டது!

1947 ஆகஸ்டில் நிலைமை தலைகீழானது. லீக் கேட்ட நாடு பிறந்துவிட்டது. அந்த நாட்டை லீகே ஆண்டது. இங்கே சென்னையில் அதே பெயருடைய கட்சியின் தலைவர் சட்டமன்றத்தில் எழுந்து நின்று அரிசி பற்றியும் பள்ளிக்கூடம் பற்றியும் பேச வேண்டும். எந்த முகத்தோடு பேசுவது? வட இந்தியத் தலைவர்கள் பலர் எல்லை தாண்டிவிட்டார்கள். இருந்தவர்களில் பலர் கட்சியைக் கலைத்துவிடுவதே பாதுகாப்பு என்று கருதினார்கள். அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். ரத்த ஆறு ஓடிய ஊர்களில் இருந்துகொண்டு அவர்கள் முடிவெடுத்தார்கள்.

1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், கட்சியை இரு நாடுகளுக்கும் தனித்தனியாகப் பிரித்தது. இந்தியப் பகுதியின் அமைப்பாளர் பொறுப்பு இஸ்மாயில் சாஹிபுக்கு வந்தது. அவர் 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை அரசினர் தோட்டத்து விருந்து மண்டபத்தில், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் அதே கட்டடத்தில், கூட்டம் கூட்டினார். கலைப்பதில்லை என்று முடிவாயிற்று. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அன்று பிறந்தது.

அதே ஆண்டுகளில் அவர் அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினர். 1948 நவம்பர் 23 அன்று, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படக்கூடாது என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். அது ஏற்கப்படவில்லை. சிங்கப்பூரில் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் 1966இல் நிறைவேறியதை அறிந்த நமக்கு அந்தக் கேள்வி அந்நியமானதல்ல. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, காந்தியடிகள் கூறிய இந்துஸ்தானியை இரு எழுத்துகளிலும் ஏற்கலாம் என்று வாதாடியவர், தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே முதல் உரிமை என்பதையும் அங்கே எடுத்துவைத்தார்.

1949 மே மாதம் தனித் தொகுதி முறை நீடிக்க வேண்டும் என்றும் வாதாடினார். சர்தார் படேல் கடுமையாக மறுத்தார், முறை ஒழிந்தது. இந்த வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் அவர் எதை அஞ்சினார் என்பது 1952 பொதுத்தேர்தலில் தெரிந்தது. 28 இடங்கள் இருந்த கட்சிக்கு 5 இடங்கள். அவையும் மலபார்ப் பகுதியில் கிடைத்தவை.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஐந்துக்கு இருந்த மதிப்பு முந்தைய இருபத்தெட்டுக்கு இருந்ததில்லை. 375 பேர் கொண்ட புதிய அவையில் காங்கிரஸுக்கு 152 பேரே. ராஜாஜி அமைச்சரவை அமைத்தபோது பல சிறு கட்சிகளின் ஆதரவு தேவைப்பட்டது. லீகின் ஐவரும் ஆதரித்தார்கள். தனித் தொகுதியில் கிடைத்த இருபத்தெட்டு யாருக்கும் தேவைப்படாத எண். பொதுத் தொகுதியில் கிடைத்த ஐந்து, கேட்டு வாங்கப்பட்ட எண். தாம் தோற்ற வாதத்திலிருந்து சாஹிப் கற்ற பாடம் இதுவாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1952இல் அவர் மாநிலங்களவைக்குச் சென்றார். 1956இல் மலபார் கேரளத்தோடு சேர்ந்ததும் தமிழ்நாட்டு லீகுக்குக் காலூன்ற இடமில்லாமல் போயிற்று. 1962இல் அவர் மஞ்சேரியில் போட்டியிட்டதன் பின்னணி இதுதான். தமிழ்நாட்டில் அவர் கூட்டணி வழியைத் தேர்ந்தார். 1967இல் அண்ணாவோடும் ராஜாஜியோடும் ஒரே அணியில் நின்று லீக் 3 சட்டமன்ற இடங்களை வென்றது. அதே ஆண்டு கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் லீகின் சி.எச். முகம்மது கோயா கல்வி அமைச்சரானார்.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் காயிதே மில்லத் வஃபாத்தானார்கள். அடக்கத்தலம் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் இருக்கிறது. சென்னை செல்லும் நம்மவர்கள் அங்கே ஸியாரத் செய்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சற்றுத் தூரத்தில், அண்ணா சாலை ஓரத்தில், அகன்ற படிக்கட்டுகளோடு ராஜாஜி மண்டபம் நிற்கிறது. அடுத்த முறை அதையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.