சுகரணமும் சுகரும்

ஹென்றி கிரேயின் உடற்கூறு நூல் லண்டனில் 1858இல் வெளிவந்தது. 14 ஆண்டுகள் கழித்து, 1872இல், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் அது தமிழில் அச்சேறிவிட்டது. அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் பார்த்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்து இறங்கியவர், மறு ஆண்டே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு மேலை மருத்துவம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில், 1860களிலிருந்து தமிழில். 'இரண வைத்தியம்', 'பிரசவ வைத்தியம்', 'வைத்தியாகரம்', 'மனுஷ சுகரணம்', 'கெமிஸ்தம்' என்று அவரும் அவருடைய மாணவர்களும் பெயர்த்த பக்கங்கள் நாலாயிரத்தைத் தாண்டும். 1873இல் ஊர் திரும்பிய பிறகும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கையெழுத்துப் படிகளை மாசசூசெட்ஸில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தார். இன்று ஒரு தமிழ் மருத்துவரிடம் 'அங்காதிபாதம்' என்று சொன்னால், கேசாதிபாதம் போல ஏதோ சிற்றிலக்கியம் என்றுதான் நினைப்பார். சுகரணம் என்பது உடலின் இயக்கத்தை ஆராயும் துறைக்குக் கிறீன் வைத்த பெயர். அது போய்விட்டது. அதே ஒலியில் நம்மிடம் மிஞ்சியிருப்பது சுகர்.

இந்த இழப்புக்குக் காரணம் கேட்டால் இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. தமிழில் மருத்துவத்துக்குச் சொல் போதாது என்பது ஒன்று; சொல் ஆக்கியவர்கள் மோசமாக ஆக்கினார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே சொல்லைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. சான்றுகளைப் பார்த்தால் வழக்கு வேறு திசையில் போகிறது. மருத்துவச் சொல் ஒன்று வாழ்வதும் சாவதும் அதன் அழகையோ தூய்மையையோ பொறுத்ததல்ல. அதைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிற ஓர் ஆள், அதை எழுதுகிற ஒரு தாள், அதைக் கேட்டு வருகிற ஒரு கூட்டம் உண்டா என்பதைப் பொறுத்தது.

சொல் போதாது என்ற வாதம் நெடுநேரம் நிற்காது. நோய் என்ற சொல்லே நோதலிலிருந்து வந்தது. படுகிறவன் பக்கம் நின்று சொன்ன சொல். பிணி என்றால் கட்டு, உடலைக் கட்டிப்போடுவது. உடம்பு காய்வது காய்ச்சல். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் நோயை அறிவது, அதன் முதலை அறிவது, தணிக்கும் வழியை அறிவது என்று மூன்று படிகளைப் பிரித்தே பேசுகிறது. சித்த மருத்துவர்கள் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டு வகைத் தேர்வு வைத்திருந்தார்கள். நோயறிதலுக்கு ஒரு முறையும் அந்த முறைக்கு ஒரு சொல்வரிசையும் இருந்தன என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆனால் இருந்த சொற்களும் செத்திருக்கின்றன. காஞ்சிபுரத்துக்கு அருகே, பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு, 11ஆம் நூற்றாண்டு. அங்கே கோயிலைச் சார்ந்து நடந்த மருத்துவமனைக்கு 'வீரசோழன் ஆதுலசாலை' என்று பெயர். 15 நோயாளிகள் கிடக்க இடம், ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒரு 'சல்லியக்கிரியை பண்ணுவான்', மூலிகை பறித்துவர ஆட்கள், மருந்து அடும் பெண்கள், ஒரு நாவிதன், ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியல் என எல்லாம் கல்லில் இருக்கிறது. கூலி நெல் எவ்வளவு என்பதுகூட இருக்கிறது. சல்லியக்கிரியை எளிய சொல்லா? இல்லை. ஆனாலும் நெல் அளந்த வரைக்கும் அந்தச் சொல்லுக்கு வேலை இருந்தது. சாலை போனது, ஆதுலசாலை என்ற சொல்லும் போனது. பல நூற்றாண்டு கழித்துக் கப்பலில் வந்த அயல்சொல்லைப் பிடித்து நாம் ஆஸ்பத்திரி ஆக்கிக்கொண்டோம். புதுக் கட்டடம் தன் பெயரையும் கூடவே கொண்டுவந்தது.

கிறீனின் சொற்களுக்கும் இதுவே நேர்ந்தது. அவர் கண்மூடித்தனமாகச் சொல் ஆக்கியவர் அல்லர். வழக்கில் தமிழ்ச்சொல் இருந்தால் அது, இல்லையேல் வடசொல், அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு வளைத்தது என்று ஒரு வரிசை வைத்திருந்தார். கெமிஸ்தம் மூன்றாம் வகை. அவரிடம் பயின்றவர்கள் அறுபதுக்கு மேல், அவர்களில் பாதிப்பேர் அளவுக்குத் தமிழிலேயே படித்தவர்கள். தமிழுக்கு மாறியதற்கு அவர் சொன்ன காரணம் மொழிப்பற்று அல்ல, கணக்கு. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலைக்கு வெளியூர் போய்விடுகிறார்கள். தமிழில் படித்தவன் ஊரில் தங்குவான். கணக்கு சரிதான், ஆனால் அதற்குள்ளேயே சொற்களின் சாவும் எழுதப்பட்டிருந்தது. சம்பளமும் பதவியும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. சென்னையில் 1835இலும் கொழும்பில் 1870இலும் அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன. கிறீன் போனபின் மானிப்பாயில் அந்தச் சொற்களைக் கேட்டுத் தேர்வு வைக்கவோ, அவற்றால் ஆளை வேலைக்கு எடுக்கவோ யாருமில்லை.

வடமொழிக் கனம் தாங்காமல்தான் அவை அமிழ்ந்தன என்று ஒருவர் சொல்லலாம். ஓரளவு உண்மை இருக்கிறது. 'அங்காதிபாதம்' ஒரு குடியானவன் வாயில் புரளாது. ஆனால் லத்தீனும் கிரேக்கமும் கலந்த ஆங்கில மருத்துவச் சொற்கள் லண்டன் குடியானவன் வாயிலும் புரளவில்லையே. அவை நிலைத்தன, ஏனென்றால் பள்ளியும் பட்டமும் மருந்துச்சீட்டும் அவற்றைச் சுமந்தன. தனித்தமிழில் ஆக்கியவை மட்டும் பிழைத்துவிட்டனவா? 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் பரிபாஷைச் சங்கம் கண்ட நாளிலிருந்து ஒரு நூற்றாண்டாகக் கலைச்சொல் தொகுதிகள் அடுக்கடுக்காக வந்திருக்கின்றன. அவற்றில் நல்ல சொற்கள் ஏராளம். அவற்றில் பலவற்றின் முகவரி இன்றும் அந்தத் தொகுதிகளேதான்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கூர்மையானது. பழைய சொற்கள் பழைய கொள்கையைச் சுமக்கின்றன. வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றக் கணக்கை வைத்துக்கொண்டு நரம்பு மண்டலத்தையும் கிருமியையும் எப்படிப் பேசுவது என்பது அது. பக்கவாதத்தில் இன்னமும் அந்த வாதம் உட்கார்ந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. 1897இல் செகந்திராபாதில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அந்த நோயின் கிருமியைக் கண்ட பிறகும் பெயர் மாறவில்லை. காலரா என்ற சொல்லுக்குள் இருப்பது கிரேக்கர்களின் பித்தம். நம்முடைய வாந்திபேதி கண்ணால் கண்டதை மட்டும் சொல்லிய, அதைவிட நேர்மையான சொல். சொல் பிறந்த கொள்கை செத்தாலும் சொல் வேலை செய்யும். அதற்கு வேலை கொடுப்பவர் இருந்தால்.

கொடுத்த இடங்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பசு அம்மையிலிருந்து எடுத்த பாலை மனிதர் கையில் ஏற்றத் தொடங்கியபோது, மக்கள் அதற்கு 'அம்மை குத்துதல்' என்று பேர் வைத்தார்கள். நோய்க்கு மாரியம்மனின் பெயரையும் ஊசிக்குப் பச்சை குத்துவதன் வினையையும் சேர்த்து எந்தக் குழுவும் கூடாமல் பிறந்த சொல் அது. அம்மை குத்துகிறவர் ஊர் ஊராக வந்ததால் சொல்லும் ஊர் ஊராகப் போனது. பெரியம்மை ஒழிந்து, அந்த ஆள் வருவது நின்றதும் அதுவும் மங்கியது. தடுப்பூசி, சொட்டு மருந்து, கருத்தடை, கண்புரை எல்லாம் இப்படி வேலை கிடைத்ததால் நிலைத்தவைதான். இலங்கையில் பல்கலைக்கழக மருத்துவம் ஆங்கிலமானாலும், பள்ளி உயிரியலைத் தமிழ் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழில் படிக்கிறார்கள். குருதி அமுக்கமும் சத்திர சிகிச்சையும் அங்கே புத்தகத்துக்கு வெளியேயும் நடமாடுகின்றன. டைபாய்டு யாழ்ப்பாணத்தில் நெருப்புக் காய்ச்சல், மஞ்சள் காமாலை செங்கண்மாரி.

மக்களே விரும்பித்தானே பிரஷர், சுகர் என்கிறார்கள் என்று கேட்டால், அந்தச் சொல்லை அவர்களுக்கு முதலில் சொன்னவர் யார் என்று திருப்பிக் கேட்கவேண்டும். நோயாளி தன் நோய்க்குப் பெயர் வைப்பதில்லை, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். நாளிதழ் மாரடைப்பு என்று எழுதுவதால் மாரடைப்பு பிழைத்திருக்கிறது. நீரிழிவு என்பது அழகான பழஞ்சொல்லாக இருந்தும் பரிசோதனைத் தாளில் அதற்கு இடமில்லை. தமிழ்நாட்டில் கண்புரை முகாமுக்கு ஆள் சேர்க்கும் ஒலிபெருக்கியும் துண்டறிக்கையும் நல்ல தமிழ் பேசுகின்றன. அறுவை முடிந்து வீடு திரும்புகிறவர் கையில் கொடுக்கிற தாளில் கண்ணுக்கு என்ன செய்தார்கள் என்பது ஆங்கிலத்தில் இருக்கிறது. கீழே எத்தனை வேளை சொட்டு மருந்து விடவேண்டும் என்பது மட்டும், சில இடங்களில், தமிழில்.