எல்லைக்கோட்டில் நின்ற சட்டம்



மறைந்தவர்களை நினைக்கும் நாளில் மிச்சமிருக்கும் வேலையைக் கணக்குப் பார்ப்பது நம் வழக்கம். இந்த ஆண்டு ஒரு சட்டத்தின் வரலாற்றைக் கையில் எடுக்கிறோம். மனித மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அது. நாடாளுமன்றமே இயற்றியும், பல மாநிலங்களின் எல்லைக்குள் அது நுழைய முடியவில்லை. ஏன் என்று புரிந்துகொண்டால்தான் இன்றைய மலக்குழிச் சாவுகளும் நமக்குப் புரியும்.

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். பொறுப்பேற்ற சில வாரங்களில், 1942 ஆகஸ்டில், அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். தொழிலாளர் சட்டங்கள் மாகாணத்துக்கு ஒன்றாகச் சிதறிப் போகும் ஆபத்தை அங்கே எடுத்துச் சொன்னார். சட்டம் நாடெங்கும் ஒரே சீராக இருக்கவேண்டும் என்பது அந்த மாநாட்டின் முதன்மையான நோக்கங்களில் ஒன்று. ஆலைத் தொழிலாளியின் வார வேலைநேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த திருத்தமும், குறைந்தபட்சக் கூலி மசோதாவும் 1946இல் வந்தன.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தில் தொழிலாளர் நலமும் வேலை நிலைமைகளும் பொதுப்பட்டியலில் இடம்பெற்றன. மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். ஆனால் பொதுச் சுகாதாரமும் துப்புரவும் மாநிலப் பட்டியலுக்குப் போயின. இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த தலித் தலைவர் பி. பசவலிங்கப்பா, தலையில் மலம் சுமக்கும் வழக்கத்துக்குத் தடை போட்டார். அதே கர்நாடகத்தில்தான் கோலார் தங்கவயல் இருக்கிறது. வடார்க்காட்டிலிருந்து போன நம் மக்கள் பாதாளத்தில் தங்கம் வெட்டிய ஊர். மாநிலத் தடை வந்து இருபது ஆண்டு கழிந்த பின்னும் அங்கே எடுப்புக் கக்கூஸ்கள் இருந்தன. மலம் அள்ளிய குடும்பம் ஒன்றில் அங்கே பிறந்த பெஜவாடா வில்சன், அந்தக் கக்கூஸ்களைப் படமெடுத்து, அரசுக்கு எழுதி, போராட்டத்தைத் தொடங்கினார். துப்புரவுப் பணியாளர்களின் நாடு தழுவிய இயக்கமான சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் அப்படித்தான் வளர்ந்தது.

இனி 1993க்கு வருவோம். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் இதைத் துப்புரவுப் பிரச்சினையாகப் பார்த்தார்கள். கக்கூஸை மாற்றுவது சுகாதாரம். சுகாதாரம் மாநிலப் பட்டியல். எனவே அரசியல் சட்டத்தின் 252ஆம் பிரிவின்படி மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டால்தான் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற முடியும் என்றானது. ஆந்திரம், கோவா, கர்நாடகம், மகாராஷ்டிரம், திரிபுரா, மேற்கு வங்கம் ஆகிய ஆறு மாநிலங்கள் தீர்மானம் போட்டன. மற்ற மாநிலங்கள் தாமாக முன்வந்து ஏற்கவேண்டும். அந்த ஆறு மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும்கூட சட்டம் நடைமுறைக்கு வந்தது 1997 ஜனவரி 26இல்தான். தண்டனையோ அதிகபட்சம் ஓராண்டுச் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

நாம் கேட்பது இதுதான்: கூடையைச் சுமந்த அந்தப் பெண் தொழிலாளி இல்லையா? அவளுக்குக் கூலி உண்டு, வேலை வாங்குபவர் உண்டு, வேலையால் வரும் நோயும் உண்டு. அவள் பக்கம் நின்று பார்த்திருந்தால் இது தொழிலாளர் பிரச்சினை, பொதுப்பட்டியல். சட்டம் அன்றே நாடு முழுவதும் செல்லுபடியாகியிருக்கும். கக்கூஸைப் பார்த்தார்கள், அவளைப் பார்க்கவில்லை. சாதி எப்படிச் சட்டத்தின் தலைப்புக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

2003இல் இயக்கம் உச்ச நீதிமன்றம் போனது. எங்கள் மாநிலத்தில் அப்படி யாரும் இல்லை என்று பல மாநிலங்கள் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தன. இயக்கத்தார் புகைப்படங்களோடும் ஆவணங்களோடும் அதை மறுத்தார்கள். பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2013இல் புதிய சட்டம் வந்தது. இம்முறை மாநிலத் தீர்மானத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஜம்மு காஷ்மீர் நீங்கலாக நாடு முழுவதும், பாபாசாகேப் மறைந்த நாளான டிசம்பர் 6 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது முதல்முறையே இரண்டாண்டுச் சிறைக்குரிய குற்றம் ஆனது. 2014 மார்ச் 27 தீர்ப்பு, 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகை 30 லட்சமாக உயர்ந்தது.

அப்படியானால் சாவு ஏன் நிற்கவில்லை? புதிய சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. பாதுகாப்புக் கருவி கொடுத்து வேலை வாங்கினால் அவர் கையால் மலம் அள்ளுபவர் கணக்கில் வரமாட்டார். கையுறை ஒன்றைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பவர்களுக்கு இது போதும். அடுத்தது ஒப்பந்த முறை. இறக்கியது நகராட்சியா, ஒப்பந்தக்காரரா, துணை ஒப்பந்தக்காரரா என்ற கேள்வியிலேயே வழக்கு கரைந்துவிடும். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் வேலைசெய்யும் இடத்துக்கே பொருந்தியது. ராஜஸ்தான் 2014இல் அதை 50 ஆக்கியது. நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு லாரியில் வந்தவரை அந்தச் சட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. குழி மாறவில்லை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். உங்கள் ஊரில் மலக்குழிச் சாவு நடந்தால், முதலில் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் கவனக்குறைவால் மரணம் என்ற பிரிவு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி, அவரை மலம் அள்ளவைப்பதே வன்கொடுமை. அந்தச் சட்டம் எந்த மாநிலத்தின் தீர்மானத்துக்கும் காத்திருக்கவில்லை. காவல் நிலையத்தில் அதை எழுதவைக்க நாம்தான் போய் நிற்க வேண்டும்.

ஜெய்பீம்.