டெசிமேட்

ஆங்கில வினைச்சொல். இன்றைய பொருள்: பெருமளவு அழித்தல். லத்தீனில் 'டெசெம்' என்றால் பத்து. டிசம்பரும் டெசிமலும் அதன் வழி வந்தவையே. கலகம் செய்த அல்லது புறமுதுகிட்ட படைப்பிரிவுக்கு ரோமானியர் தந்த தண்டனையே இச்சொல்லின் மூலப்பொருள்: பத்துக்கு ஒருவரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்து, மற்ற ஒன்பது பேரைக் கொண்டே அடித்துக் கொல்லச் செய்வார்கள். ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைகளின் கலகத்தின்போது ரோமானியத் தளபதி கிராசஸ் இதை மீண்டும் கொண்டுவந்தான். 1655-இல் இங்கிலாந்தில் கிராம்வெல் அரசு மன்னர் ஆதரவாளர்கள்மேல் சுமத்திய பத்து சதவீத வரிக்கும் 'டெசிமேஷன்' என்றே பெயர்.

'விற்பனை டெசிமேட் ஆனது' என்று நிறுவன அறிக்கையில் கண்டால், "பத்தில் ஒன்றுதானே?" என்று மடக்கும் சொற்புலிகள் உண்டு. அந்தக் கணக்கில் டிசம்பரும் பத்தாம் மாதமாகவே இருக்க வேண்டும். அகராதிகள் விரிந்த பொருளை ஏற்றுவிட்டன. ஆனால் 'முப்பது சதவீதம் டெசிமேட் ஆனது' என்று எண்ணோடு சேர்த்து எழுதாதீர்கள். அங்கே 'குறைந்தது' போதும்.